சாகாதவர்களும் சாகப்போகிறவர்களும்: கிரேக்கக் கடவுள்களுக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டிருப்பது இது: கிரேக்கக் கடவுள்கள் பொறாமைப்படுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், பிறன்மனை நாடுகிறார்கள், பிடிக்காதவனைப் பழிவாங்குகிறார்கள். இப்படிப்பட்டவர்களை ஒரு பெரிய நாகரிகம் எப்படி வணங்கியது? காவியத்திலும் நாடகத்திலும் அவர்களுக்கு என்னதான் வேலை? கடலுக்கு இவர், போருக்கு அவர் என்ற பள்ளிப் பாடப் பட்டியலைத் தாண்டிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தக் காவியங்களைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்குள் உறுதிப்பட்ட எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் என்றால் நல்லவர், எல்லாம் வல்லவர், உலகைப் படைத்தவர் என்ற எதிர்பார்ப்போடு போனால் கிரேக்கக் கதைகள் நம்மை ஏமாற்றிவிடும். கடவுள்களின் தலைவரான ஜீயஸ் உலகைப் படைக்கவில்லை. அவருக்கு முன்பே உலகம் இருந்தது. அவர் எப்போதும் நல்லவரும் இல்லை. டிராய்ப் போரைச் சொல்லும் இலியட்டையும் ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிசியையும் பாடிய ஹோமர் கடவுள்களைக் குறிக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் 'அதானதோய்'. சாகாதவர்கள் என்று பொருள். மனிதருக்கு அவர் தரும் பெயர் சாகக்கூடியவர்கள். இரு சாராருக்கும் நடுவே உள்ள ஒரே பெரிய கோடு இதுதான். நாம் தேவர்களை அமரர் என்கிறோமே, அதற்கும் இதே பொருள்தான். கிரேக்கத் தேவர்களின் உணவான அம்ப்ரோசியாவும் வடமொழி அமிர்தமும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்த சொற்கள்; இரண்டிலும் சாவின்மை என்ற கருத்து ஒளிந்திருக்கிறது.

இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு படித்தால், அற்பமாகத் தெரிந்த காட்சிகள் எல்லாம் வேறு முகம் காட்டும்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடலாம். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதும்போது, ஹோமரும் இன்னொரு பழங்கவிஞரான ஹெசியடும்தான் கிரேக்கர்களுக்குக் கடவுள்களின் பிறப்பு வரிசையை வகுத்து, பட்டப்பெயர்களையும் மரியாதைகளையும் பங்கிட்டு, உருவங்களையும் காட்டியவர்கள் என்கிறார். பெயர்கள் அதைவிடப் பழையவை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தறிந்த லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்துமுறையில் அமைந்த களிமண் பலகைகளில், ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜீயஸ், ஹீரா, பொசைடன், ஹெர்மிஸ், டயனைசஸ் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் ஹெரோடோட்டஸ் சொன்னதில் ஆழ்ந்த உண்மை உண்டு. கிரேக்கர்களுக்கு வேதம்போல ஒரு புனித நூல் கிடையாது. தெய்வத்தின் குணத்தை அவர்கள் கவிஞர்களிடமிருந்தே கற்றார்கள். சமயமும் இலக்கியமும் அங்கே ஒரே மண்ணில் வளர்ந்தவை.

ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் அந்த 'மரியாதை' என்ற சொல் முக்கியமானது. கிரேக்கத்தில் அது 'திமே'. ஒவ்வொரு கடவுளுக்கும் உரிய பங்கு, உரிமை, அதிகார எல்லை எல்லாம் அதற்குள் அடக்கம். இலியட்டின் 15ஆம் காண்டத்தில் பொசைடன் கோபத்தோடு கேட்பது இதைப் பற்றித்தான்: நாங்கள் மூன்று சகோதரர்கள் திருவுளச்சீட்டுப் போட்டு உலகைப் பிரித்தோம்; எனக்குக் கடல், ஹேடிஸுக்கு இருண்ட கீழுலகம், ஜீயஸுக்கு வானம்; மண்ணும் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது; பிறகு என்னை ஏன் அதட்டுகிறார்? பாகப்பிரிவினை நடந்த வீட்டில் கேட்கும் குரல் அது.

அந்தப் பங்குகள் பள்ளிப் பட்டியலில் இருப்பதுபோல ஒற்றைத் துறைகளாக இல்லை. பொசைடன் கடலுக்கும் நிலநடுக்கத்திற்கும் குதிரைக்கும் உரியவர். அப்பல்லோ கொள்ளைநோயை ஏவுபவர். அதைத் தணிப்பவரும் அவரே. ஆர்ட்டெமிஸ் வேட்டையாடுபவள், குட்டிகளைக் காப்பவள், பிரசவ வேளையில் பெண்கள் அழைக்கும் தெய்வம். ஹெர்மிஸ் எல்லைக்கற்களுக்கும் வழிப்போக்கருக்கும் திருடர்களுக்கும் உரியவர்; இறந்தவர்களைக் கீழுலகுக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. இங்கிருந்து அங்கே கடப்பது எதுவானாலும் அவருடையது. ஜீயஸ் இடியை ஏந்துபவர் மட்டுமா? வீட்டு முற்றத்துக்கு ஒரு ஜீயஸ், பண்டகசாலைக்கு ஒரு ஜீயஸ், சத்தியத்துக்கு ஒரு ஜீயஸ், விருந்தினரைக் காக்க ஒரு ஜீயஸ். டிராய் இளவரசன் பாரிஸ் விருந்தாளியாகப் போன வீட்டில் அந்த வீட்டுக்காரனின் மனைவி ஹெலனைக் கவர்ந்து வந்தது ஒரு கணவனுக்கு இழைத்த துரோகம் என்பதோடு நிற்காமல் ஜீயஸையே அவமதித்த செயலாகக் கருதப்பட்டது இதனால்தான்.

இனி, இவர்களை ஏன் வணங்கினார்கள் என்ற கேள்வி. கிரேக்க வழிபாட்டின் நடுவில் இருந்தது பலி. விலங்கை அறுத்து, தொடையெலும்பைக் கொழுப்பில் சுற்றி நெருப்பிலிட்டு, புகையைக் கடவுளுக்கு அனுப்பிவிட்டு, இறைச்சியை மனிதர்கள் பகிர்ந்து உண்டார்கள். இந்த விசித்திரமான பங்கீட்டுக்கு ஹெசியட் ஒரு கதை சொல்கிறார். மெகோனே என்ற இடத்தில் பிரமீத்தியஸ் இரண்டு பங்கு வைத்தான். ஒன்றில் நல்ல இறைச்சியை மாட்டின் இரைப்பைக்குள் மறைத்தான். மற்றதில் வெறும் எலும்பை மினுமினுக்கும் கொழுப்பால் மூடினான். ஜீயஸ் எலும்பை எடுத்தார். சூது தெரிந்தே எடுத்தார் என்பது ஹெசியட்டின் கூற்று. மனிதனுக்கு நல்ல பங்கு கிடைத்ததுபோலத்தான் முதலில் தோன்றும். யோசித்துப் பாருங்கள்: இறைச்சி யாருக்குத் தேவை? பசிப்பவனுக்கு. பசிப்பவன் யார்? உண்ணாவிட்டால் செத்துப்போகிறவன். புகையே போதும் என்கிறவர்கள் சாகாதவர்கள். ஒவ்வொரு பலியிலும் கிரேக்கன் தன் நிலையைத் தன் தட்டிலேயே கண்டான்.

ஆகவே அந்த வழிபாட்டைக் கடவுளின் ஒழுக்கத்துக்குத் தரும் நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புயலும் காதலும் போர்வெறியும் பிரசவ வலியும் நம்மைவிட வலியவை. அவற்றுக்குரிய மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற அறிவு அது. காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி நல்லவளா என்று கேட்பதும் காமம் நல்லதா என்று கேட்பதும் ஒன்றுதான். அது இருக்கிறது, அதை இல்லையென்று நடப்பவனை அது நொறுக்கிவிடுகிறது.

அடுத்து உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். காவியத்தில் கடவுள்கள் மனிதரைப் பொம்மைகளாக ஆட்டுகிறார்களா? நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இலியட்டின் முதல் காண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவமதித்ததும் அவர்களின் தலைசிறந்த வீரன் அகில்லீஸ் வாளை உருவப் போகிறான். ஜீயஸின் மகளான அதீனா பின்னால் வந்து அவன் தலைமுடியைப் பற்றுகிறாள். அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறாள். அவனைத் தடுக்க வந்தவள் சொல்லும் சொல்லைக் கவனியுங்கள்: "நீ கேட்பதாக இருந்தால்." கட்டளையிடும் வல்லமை உள்ளவள் அவனுடைய இணக்கத்தைக் கேட்கிறாள். அவனும் யோசித்துத்தான் இணங்குகிறான். மனத்துக்குள் நிகழும் தயக்கமும் வெளியிலிருந்து வரும் தெய்வத்தின் கையும் ஒரே கணத்தில், ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன.

இந்த இரட்டைக் காரணத்தை ஹோமரின் மனிதர்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு 19ஆம் காண்டம் சாட்சி. அகமெம்னான் சமாதானம் பேசும்போது, குற்றம் என்னுடையதன்று, ஜீயஸும் விதியும் பழிவாங்கும் தெய்வமான எரினிஸும் என் புத்தியை மயக்கிவிட்டார்கள் என்கிறான். நழுவப் பார்க்கிறான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதே பேச்சில், அப்படி மயங்கியது நான்தான், ஆகவே அளவற்ற ஈடு தருகிறேன் என்றும் சொல்கிறான். கடவுள் செய்வித்தார், ஆனாலும் கடன் என்னுடையது. இதே எண்ணம் நாடகாசிரியர் சோஃபோகிளீஸ் படைத்த ஈடிபஸின் வாயில் உச்சம் பெறுகிறது; தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் தானே என்று அறிந்த மன்னன் அவன். கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்தவன் சொல்கிறான்: இந்தத் துன்பங்களை முடித்துவைத்தவர் அப்பல்லோ, ஆனால் குத்திய கை என் கையேதான். அந்த நாடகம் முழுவதிலும் அப்பல்லோ ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. அவருடைய கோயில் இருந்த டெல்ஃபியிலிருந்து வந்த வாக்குகள் மட்டும்தான் அவர் இருப்பு. அதுவே போதுமானதாக இருக்கிறது.

மறுபக்கத்தை ஒடிசியின் தொடக்கத்தில் ஜீயஸே பேசுகிறார்: மனிதர்கள் எல்லாத் தீமைக்கும் எங்களைக் குறை சொல்கிறார்கள், தங்கள் மடமையாலேயே விதிக்கு மேலான துன்பத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அகமெம்னானைக் கொன்ற ஏஜிஸ்தஸுக்கு ஹெர்மிஸை அனுப்பி முன்கூட்டியே எச்சரித்தோம், அவன் கேட்கவில்லை என்று உதாரணமும் காட்டுகிறார்.

சரி, விதியை மீறக் கடவுளுக்கு முடியுமா? இலியட்டின் 16ஆம் காண்டத்தில் ஜீயஸின் சொந்த மகன் சர்ப்பிடான், அகில்லீஸின் நண்பன் பெட்ரோக்ளஸின் கையால் சாகவேண்டிய நேரம் வருகிறது. தூக்கிக்கொண்டு போய் அவன் சொந்த நாடான லிசியாவில் விட்டுவிடலாமா என்று தகப்பன் தவிக்கிறார். மனைவி ஹீராவின் பதில் அளந்து சொன்னது: செய்யுங்கள், ஆனால் மற்றவர்கள் நாங்கள் அதை ஒப்பமாட்டோம், போர்க்களத்தில் இன்னும் பல தேவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். முடியாது என்று அவள் சொல்லவே இல்லை. அப்படிச் செய்தால், மரணம் என்ற ஒழுங்கே குலைந்துவிடும் என்று உணர்த்துகிறாள். ஜீயஸ் இணங்கி, மண்ணின்மேல் இரத்த மழை பொழிகிறார். பிறகு உறக்கமும் மரணமும், இரட்டைப் பிள்ளைகள், உடலைச் சுமந்து லிசியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். உலகை ஆள்பவர் தன் மகனுக்குச் செய்ய முடிந்தது நல்ல அடக்கம் மட்டுமே. இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் இத்தகைய கணங்கள் அரிது. பெரும்பாலும் ஹோமரின் கடவுள்கள் இலேசானவர்கள். இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் கிரேக்க வீரன் டயோமிடீஸ் ஈட்டியால் அஃப்ரோடைட்டியின் மணிக்கட்டருகே கீறுகிறான். கசிவது குருதியன்று, 'ஐக்கோர்'. அவர்கள் ரொட்டி உண்பதில்லை, திராட்சை மது குடிப்பதில்லை, அதனால் குருதியற்றவர்கள், சாகாதவர்கள் எனப்படுகிறார்கள் என்று ஹோமர் விளக்குகிறார். அவள் அழுதுகொண்டே தாயின் மடியில் போய் விழுகிறாள். தாய் துடைத்ததும் ஆறிவிடுகிறது. பிறகு போர்க்கடவுள் ஏரீஸே காயம்பட்டு ஒன்பதாயிரம், பத்தாயிரம் வீரர்கள் சேர்ந்து கத்தியதுபோல அலறுகிறார். மருத்துவர் பயியோன் மருந்திட்டதும், அத்திப்பால் பட்ட பால் எவ்வளவு விரைவில் திரையுமோ அவ்வளவு விரைவில் காயம் மூடிக்கொள்கிறது. நல்ல ஆடை உடுத்தி, தந்தையின் அருகே பெருமிதத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். அதே காண்டத்தில் அடிபட்ட மனிதர்களில் பெரும்பாலோர் அப்படி எழுந்து உட்காரவில்லை. ஹோமர் அவர்களுடைய ஊரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, கண்ணை இருள் மூடியது என்று முடிக்கிறார். அருகருகே வைத்த இந்த இரண்டு வகைக் காயங்கள்தான் என் பதிலின் மையம். சாவு இல்லாததால் கடவுளின் சண்டை விளையாட்டாகிவிடுகிறது. சாவு இருப்பதால் மனிதனின் சிறு செயலும் திரும்பப் பெற முடியாத கனம் பெறுகிறது. தைரியம் என்ற சொல்லுக்கு ஏரீஸிடம் பொருள் இல்லை. இழப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

டிராய் இளவரசன் ஹெக்டரின் கடைசிக் கணங்களில் இது தாங்க முடியாத அளவுக்கு வெளிப்படுகிறது. அகில்லீஸ் டிராய் மதிலைச் சுற்றி மூன்று முறை அவனைத் துரத்துகிறான். தேவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பந்தயம் பார்ப்பதுபோல. நான்காம் முறை ஊற்றுகளின் அருகே வரும்போது ஜீயஸ் பொற்தராசைத் தூக்குகிறார். ஹெக்டரின் சாவு நாள் வைத்த தட்டு தாழ்கிறது. அதுவரை காத்துவந்த அப்பல்லோ அந்தக் கணமே அவனை விட்டு நீங்குகிறார். அதீனா அவன் தம்பி டெய்ஃபோபஸின் உருவில் வந்து, சேர்ந்து நிற்போம் என்கிறாள். அவன் நம்பி நிற்கிறான்; ஈட்டியை எறிகிறான்; அது கேடயத்தில் பட்டுத் தெறித்துவிடுகிறது. இன்னொன்று கொடு என்று தம்பியை அழைக்கிறான். பக்கத்தில் யாரும் இல்லை. தெய்வங்கள் தன்னைச் சாவுக்கு அழைத்துவிட்டார்கள் என்று அவனுக்கு அப்போது புரிகிறது. போராடாமல், பேரின்றிச் சாகமாட்டேன். பின்வருவோர் கேட்கும்படி ஏதேனும் பெரிதாகச் செய்துவிட்டுச் சாவேன் என்று சொல்லி வாளை உருவுகிறான். அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே அவன் மனைவி ஆண்ட்ரமக்கி, போரிலிருந்து வரும் கணவன் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதீனா செய்தது ஏமாற்று. மறைக்க வேண்டியதில்லை, ஹோமரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் நம் மனத்தில் உயர்ந்து நிற்பது யார் என்று பாருங்கள். வென்ற தேவதையா, தனியே நின்றவனா?

ஒடிசியிலும் அதே கோடுதான், வேறு பக்கத்திலிருந்து. தீவில் வாழும் தேவதை கலிப்சோ ஒடிசியஸுக்குச் சாவும் மூப்பும் இல்லாத வாழ்வைத் தருகிறேன் என்கிறாள். என் மனைவி பெனலப்பி உன்னைப்போல் அழகியல்லள், அவள் சாகப்போகிறவள் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்கிறான். சாகாமையைக் கையில் வைத்துக் கொடுத்தபோதும் மறுத்த மனிதன் அவன்.

ஏதென்ஸ் நாடகங்கள் டயனைசஸின் விழாவில், அக்ரோபோலிஸின் தென்சரிவில் அவர் பெயரால் அமைந்த அரங்கில் நடந்தவை. நாடகம் பார்ப்பதே ஒரு கடவுளுக்குச் செய்த மரியாதை. ஆனாலும் அந்த மேடையில் கடவுள்களிடம் கேட்காத கேள்வி இல்லை. எஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய ஓரெஸ்டியா மூன்று நாடகங்களின் முடிவில், தந்தைக்காகத் தாயைக் கொன்ற ஓரெஸ்டஸைப் பழிக்குப் பழி என்று துரத்தும் எரினிஸ்களுக்கும் அவனைக் காக்கும் அப்பல்லோவுக்கும் நடுவே அதீனா ஒரு நீதிமன்றத்தை நிறுவுகிறாள். வாக்குகள் சமமாக விழுகின்றன. ஓரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். தோற்ற எரினிஸ்களை அவள் விரட்டாமல், நகரத்தின் மண்ணுக்கடியில் இடமும் மரியாதையும் தந்து தங்கவைக்கிறாள். பழைய தெய்வங்களின் கோபத்தைப் புதிய சட்டத்தின் அடித்தளத்தில் புதைத்த அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

இன்னொரு நாடகாசிரியரான யூரிப்பிடீஸ் அவ்வளவு எளிதில் சமாதானமாகிறவர் அல்லர். கி.மு. 428இல் வந்த ஹிப்போலிடஸ் நாடகத்தில், ஆர்ட்டெமிஸை மட்டுமே போற்றித் தன்னை அலட்சியம் செய்த இளைஞனை அழிக்கிறேன் என்று அஃப்ரோடைட்டி முதலிலேயே அறிவிக்கிறாள். இடையில் அவனுடைய மாற்றாந்தாய் ஃபீட்ரா என்ற நற்பெயர் பெற்ற பெண்ணும் சாவாள். அது அவளுக்குப் பொருட்டில்லை. எல்லாம் நடந்து முடிந்தபின் ஆர்ட்டெமிஸ் வருகிறாள். ஏன் காக்கவில்லை? ஒரு கடவுளின் விருப்பத்தில் இன்னொருவர் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்கிறாள். அஃப்ரோடைட்டிக்குப் பிரியமான ஒருவனைக் கொன்று பழி தீர்ப்பேன் என்று ஆறுதலும் சொல்கிறாள். பிறகு, இறப்பவரின் கடைசி மூச்சைப் பார்த்துக் கண்ணை மாசுபடுத்திக்கொள்வது தனக்குத் தகாது என்று விடைபெறுகிறாள். வாழ்நாளெல்லாம் அவளையே தொழுதவன் சொல்கிறான்: நீண்ட நட்பை எவ்வளவு எளிதாக விட்டுப் போகிறாய். அவள் போனபின், தன்னைச் சபித்துக் கொன்ற தகப்பனை அவன் மன்னிக்கிறான். மன்னிப்பு என்ற ஒன்றை அந்த நாடகத்தில் எந்தக் கடவுளும் செய்யவில்லை. சாகிறவன்தான் செய்தான்.

யூரிப்பிடீஸ் இறந்தபின் கி.மு. 405இல் அரங்கேறிய பாக்கஸ் (டயனைசஸின் இன்னொரு பெயர்) பெண்களின் நாடகம் இன்னும் கொடியது. டயனைசஸின் சினத்துக்குப் பேரனைப் பலிகொடுத்த முதியவர் காட்மஸ், கோபத்தில் கடவுள்கள் மனிதரை ஒத்திருக்கக் கூடாது என்று டயனைசஸிடம் நேருக்கு நேர் சொல்கிறார். இதை என் தந்தை ஜீயஸ் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதுதான் கிடைக்கும் விடை. அந்த விடையின் வெறுமையை டயனைசஸின் அரங்கில், டயனைசஸுக்கே உரிய விழாவில் மக்கள் கேட்டார்கள். நாடகம் பரிசும் பெற்றது.

நீங்கள் எழுப்பிய ஒழுக்கக் கேள்வியை முதலில் கேட்டவர்களும் கிரேக்கர்களே. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த மெய்யியலாளர் செனோஃபனீஸ், திருட்டு, பிறன்மனை விழைதல், வஞ்சகம் என்று மனிதரிடையே இழிவானவை அனைத்தையும் ஹோமரும் ஹெசியடும் கடவுள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கண்டித்தார். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவை தம் உருவிலேயே கடவுளை வரையும் என்றார். பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தில் இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்றார். கடவுளை நன்மையின் வடிவமாக எண்ணும் நமக்கு அவர்கள் பக்கம் சாயத் தோன்றும். மெய்யியலாக அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பிளேட்டோவின் தீமையற்ற, மாறாத கடவுளை வைத்துக்கொண்டு ஹெக்டரின் கடைசிக் கணத்தை எழுத முடியாது.

இலியட்டின் கடைசிக் காண்டத்தோடு நிறுத்துகிறேன். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு டிராயின் முதிய மன்னர் பிரயாம் இரவில் பகைவன் கூடாரத்துக்குப் போகிறார். ஜீயஸ் அனுப்பிய ஹெர்மிஸ் வழிகாட்டி, காவலர்களை உறங்கவைத்து, கதவைத் திறந்துவிட்டு விலகிக்கொள்கிறார். உள்ளே, மகனைக் கொன்ற கைகளைத் தகப்பன் முத்தமிடுகிறார். அகில்லீஸ் தன் தந்தையை நினைத்து அழுகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். தேவர்கள் நமக்குத் துயரத்தையே நூற்றுத் தந்தார்கள், அவர்களோ கவலையற்றவர்கள் என்று அகில்லீஸ் சொல்கிறான். பிறகு இருவரும் உணவு உண்கிறார்கள். விடிவதற்குள் ஹெர்மிஸ் மறுபடி வந்து பிரயாமை எழுப்பி, தேரை ஓட்டி, ஸாந்தஸ் ஆற்றின் துறைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு ஒலிம்பஸுக்குப் போய்விடுகிறார். அதன்பின் அந்தக் காவியத்துக்குள் எந்தக் கடவுளும் வருவதில்லை. ஆண்ட்ரமக்கி அழுகிறாள், பிறகு தாய் ஹெக்குபா, பிறகு ஹெலன். ஒன்பது நாள் விறகு சுமந்து வருகிறார்கள். பத்தாம் நாள் ஹெக்டரைத் தூக்கிச் சிதைமேல் வைத்து நெருப்பிடுகிறார்கள்.